வழியில் நிறுத்துதல்

கரூரிலிருந்து பொன்னுரங்கம் கூப்பிட்டபோது
அங்கே மணி ஒன்பதரை, இங்கே எட்டு.
தெய்ராவில் யாரும் கடையடைக்கும் நேரமில்லை.
"பெட்டிய நிறுத்துங்க" என்றார்.
எப்போதும் மழை பெய்ததா என்று
அவரிடம் கேட்பேன். கேட்கவில்லை.

நாற்பதடிப் பெட்டி.
எண்ணூற்று நாற்பது கட்டு
ஓட்டல் கட்டில் விரிப்புகள், வெள்ளை,
ஓரத்தில் ஒற்றை நீலக்கோடு.
கால் பங்குப் பணம் முன்னாடியே வந்தது.
மிச்சத்துக்கு வங்கியிலிருந்து வந்தது
ஒரு வரிக் கடிதம்.
ஷார்ஜாவில் வாங்கியவரின் ஆபீஸ் கதவில்
வேறு யாரோ போட்ட பூட்டு.

சட்டம் இதையெல்லாம் நிதானமாகப் பேசும்.
கப்பலேறிய அன்றே
துணி அவருடையதாகியிருக்கலாம்.
நடுக்கடலில் நனைந்திருந்தால்
நனைந்த துணியும் அவருடையதே.
இருந்தும், காசு வராமல் விற்றவனுக்கு
ஒரு கதவை ஒருக்களித்து வைத்திருக்கிறது:
வாங்கியவன் நொடித்துப்போனால்
சரக்கு வழியில் இருக்கும்வரை
நில் என்று சொல்லலாம்.

வழியில் இருக்கும்வரை.
வழி எங்கே முடிகிறது?
துறைமுக வாசலிலா, கிடங்கின் படியிலா,
டிரைவர் கையெழுத்து வாங்கும்
எண்ணெய் பட்ட தாளிலா?
இந்த இரண்டு சொல்லுக்காக
எத்தனை வக்கீல்கள் வீடு கட்டியிருப்பார்கள்.

நான் வக்கீல் இல்லை.
சரக்கு அனுப்பும் ஆபீசில் பதினோரு வருடம்.
டெலிவரி ஆர்டரை மதியமே கொடுத்துவிட்டேன்,
என் கையெழுத்து, என் ரப்பர் முத்திரை.
பொன்னுரங்கத்திடம் இதைச் சொல்லவில்லை.

ஜர்வலி கான் மூன்றாம் முறைதான் எடுத்தார்.
பின்னால் டீக்கடைச் சத்தம்.
மாலை நெரிசலில் லாரி ஓடக்கூடாதென்று
ஜெபல் அலி தாண்டி ஒரு மண்வெளியில்
நாற்பது வண்டிகளோடு நிற்கிறாராம்.
பத்து நிமிடத்தில் கிளம்புவாராம்.

ஆக, விற்றவனின் உரிமை
எந்தச் சட்டப் பிரிவாலும் பிழைக்கவில்லை.
போக்குவரத்துப் போலீசால் பிழைத்தது.

"கிளம்பாதீங்க கான் பாய்."
"சரி. சரக்கு இப்போ யாருது?"
"தெரியல."
"ராத்திரி நிக்கிறதுக்கு வாடகை?"
அதுவும் தெரியவில்லை.
"எழுதி அனுப்பு. வாய்ப்பேச்சுக்கு நான் நிக்க மாட்டேன்"
என்றபடியே இஞ்சினை அணைத்தார்.
அந்த அமைதி போனில் கேட்டது.

அடித்தேன்:
எங்கள் எழுத்து உத்தரவு இல்லாமல்
யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.
நேரம் எட்டு பதினாலு.
அனுப்பிய கையோடு இன்னொரு அழைப்பு.

தில் பகதூர்.
ஷார்ஜா கிடங்கின் காவல்காரர்.
ஐந்து மாதச் சம்பளம் பாக்கி.
இந்தப் பெட்டி வந்து இறங்கினால்
நூறு கட்டை விற்றாவது
கணக்கு முடிப்பதாக
முதலாளி சொல்லிவிட்டுப் போனாராம்,
எங்கே என்று சொல்லாமல்.

அவரும் விற்றவர்தான்.
நூற்றைம்பது இரவுகள், கடனுக்கு.
அதில் ஒன்றையாவது
வழியில் நிறுத்த முடியுமா?
துணி கடலில் மூன்று வாரம் மிதக்கும்,
சாலையில் ஒரு ராத்திரி நிற்கும்,
கூப்பிட்டால் திரும்பும்.
பார்த்து முடித்த வேலைக்குப் பயணமே கிடையாது.
விடியும்போதே அது
முதலாளி வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நீலக்கோட்டை நெய்தவளுக்கும்
கரூரில் சனிக்கிழமை கூலி வேண்டும்.
அதையும் நினைத்தேன்.
நினைத்ததால் யாருக்கும் எதுவும் குறையவில்லை.

"வண்டி எங்க இருக்கு சார்?" என்றார் தில் பகதூர்.

சட்டப்படி சரியான ஒரு சொல்
என்னிடம் இருந்தது.
"வழியில" என்றேன்.

"அப்ப கேட்டைத் திறந்தே வைக்கிறேன்" என்றார்.